112, 113ஆம் பக்கங்கள்

"ஆசிரியருக்கு வணக்கம். மூன்று மாதமாக உங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வானம் பார்க்கிறேன். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றையும் இப்போது யார் துணையும் இல்லாமல் கண்டுபிடித்துவிடுகிறேன். ஒரு சின்ன உதவி. என்னிடம் இருக்கும் பிரதியில் 112, 113 இரண்டு பக்கங்களும் இல்லை. அனுப்பிவைக்க முடியுமா?"

இந்த மின்னஞ்சலைப் படித்ததும் மனம் குளிர்ந்துபோனது. அச்சகத்தில் ஏதோ கோளாறு, பாவம் இவருக்குக் குறைப்பிரதி போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அச்சுப் புத்தகத்தில் 112, 113 மட்டும் காணாமல் போகவே முடியாது. ஒரு தாளின் முன்பக்கம் 111 என்றால் அதன் பின்பக்கம் 112. தாள் போனால் 111, 112 இரண்டும் சேர்ந்துதான் போகும். எதிரெதிரே விரிந்திருக்கும் 112, 113 மட்டும் விடுபட வேண்டும் என்றால் ஒரே ஒரு வழிதான் உண்டு. யாரோ புத்தகத்தை விரித்து வைத்துப் படமெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஓரிடத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டிருக்கின்றன.

தேடினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓர் அரட்டைக் குழுவில் என் புத்தகம் பிடிஎஃப் கோப்பாகக் கிடந்தது.

அதைத் திறந்து பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கங்கள் எல்லாம் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. நடுத் தையலுக்குப் பக்கத்தில் நிழல் விழுந்து, வரிகளின் கடைசி எழுத்துகள் கறுத்துப்போயிருந்தன. 47ஆம் பக்கத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. இந்த விரலுக்குரியவர் 200க்கும் மேற்பட்ட பக்கங்களைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். பொழுதுபோகாமல் செய்கிற வேலை இல்லை அது. இந்தப் புத்தகம் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது, அதே அளவுக்கு வேறு ஏதோ ஒன்றும் வந்தது. அந்த இரண்டாவதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பெயர் கிடைக்கவில்லை.

அந்தப் புத்தகத்துக்கு ஆறு வருடம் ஆனது. தொலைநோக்கி இல்லாமல், வெறுங்கண்ணால் வானத்தைப் படிக்கக் கற்றுத்தருகிற புத்தகம். படங்கள் எல்லாம் நானே வரைந்தவை. விடுபட்டுப்போன அந்த இரண்டு பக்கங்களில் இருந்தது விருச்சிகம். சிவந்து எரியும் கேட்டையிலிருந்து மூலம் வரைக்கும் வளைந்து இறங்கும் வால், அதற்குப் பக்கத்தில் பால்வழியின் நடுப்பகுதி. இரண்டு பக்கம் விரிந்தால்தான் அந்த வளைவு கண்ணில் நிற்கும் என்று பதிப்பாளரிடம் கெஞ்சி வாங்கிய இடம்.

குழுவில் அந்தக் கோப்புக்குக் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் தெரிந்தது. விற்ற பிரதிகளைப் போல ஏழெட்டு மடங்கு. உடனே மனம் பெருக்கத் தொடங்கிவிட்டது. இத்தனை பேர், ஒரு பிரதிக்கு இவ்வளவு ராயல்டி, ஆக மொத்தம் இவ்வளவு நஷ்டம். எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள், மென்பொருள் செய்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டிருப்பார்கள். நானும் போட்டேன். போட்டு முடித்ததும் அது பொய்க்கணக்கு என்றும் தெரிந்தது. சும்மா கிடைக்கிறதே என்று திறந்து பார்த்தவர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்? எனக்குக் கடிதம் எழுதியவரே வாங்கியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இந்தப் பொய்க்கணக்கின் மீதுதான் கால் நூற்றாண்டாக ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கிறது. சட்டங்களே இந்தக் கணக்கை நம்பித்தான் எழுதப்பட்டன.

அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 2003 செப்டம்பரில் பாட்டுகளைப் பகிர்ந்த தனிமனிதர்கள் மீதே வழக்குப் போடத் தொடங்கியது. முதல் தவணையில் 261 பேர். அதில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய அம்மா 2000 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது. பெரும்பாலானவர்கள் பயந்துபோய்ப் பணம் கட்டிவிட்டார்கள். கட்ட மறுத்து நீதிமன்றத்துக்குப் போன ஒரு பெண்ணின் வழக்கு கேட்டாலே திகைப்பாக இருக்கும். பிரச்சினை 24 பாட்டுகள். 2007இல் நடுவர் குழு 2,22,000 டாலர் என்றது. மறுவிசாரணையில், 2009இல், அதே 24 பாட்டுக்கு 19,20,000 டாலர் என்றது. மூன்றாவது முறை 15 லட்சம். கடைசியில் 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் சொன்ன 2,22,000 டாலருக்கே திரும்பி வந்தது.

இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்கச் சட்டத்தில் சட்டப்படியான இழப்பீடு என்று ஒன்று இருக்கிறது. உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்கவே வேண்டாம். ஒரு படைப்புக்கு 750 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்ததாக நிரூபித்தால் 1,50,000 டாலர் வரை. அந்த எண்கள் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்கள் தலையில் விழுந்தன. அந்தப் பெண் 24 பாட்டையும் கடையில் வாங்கியிருந்தால் 24 டாலர்கூட ஆகியிருக்காது. ஒவ்வொரு பாட்டும் 99 சென்ட்தான்.

நஷ்டமே இல்லை என்று சொல்கிறவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. 2007இல் ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்டிரம்ப் என்ற இரண்டு பொருளியலாளர்கள், கோப்புப் பகிர்வால் இசைத்தட்டு விற்பனைக்கு ஏற்பட்ட பாதிப்பு கிட்டத்தட்டப் பூச்சியம் என்று எழுதினார்கள். அவர்களுடைய துறையிலேயே பலர் அதை மறுத்து, பாதிப்பு கணிசமானது என்று காட்டினார்கள். ஐரோப்பிய ஆணையம் காசு கொடுத்து ஓர் ஆய்வு செய்யச் சொன்னது. 2015இல் முடிந்த அந்த அறிக்கை 300 பக்கத்துக்கு மேல் வளர்ந்தும், 2017இல் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜூலியா ரேடா கேட்டு வாங்கும் வரை வெளியே வரவில்லை. புத்தகம், இசை, விளையாட்டு இவற்றின் விற்பனை கள்ளப் பிரதியால் குறைந்தது என்று அடித்துச் சொல்லும் சான்று கிடைக்கவில்லை என்றது அறிக்கை. பாதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. புதிதாக வந்த பெரிய படங்களில் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: பத்துப் பேர் திருட்டுப் பிரதியில் பார்த்தால், முறையாகப் பார்க்கிறவர்களில் நாலு பேர் குறைகிறார்கள்.

பத்துக்கு நாலு. பத்துக்குப் பத்தும் இல்லை, பூச்சியமும் இல்லை. என் புத்தகத்துக்கு அந்த எண் என்ன? நான் பல இரவுகள் யோசித்துவிட்டேன்.

யோசிக்கும்போதெல்லாம் என் பழைய நாட்கள் முன்னால் வந்து நிற்கும். முகம் தெரியாதவர்களோடு பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டர் என்ற மென்பொருள் 1999 ஜூனில் வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலம். யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும் என்பதால், வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகுதான் உட்காருவேன். ஒரு பாட்டு இறங்க அரை மணி நேரம். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 93 விழுக்காட்டில் எதிர்முனையில் இருப்பவர் கணினியை அணைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பதினெட்டு வருடம் முன்னால் ஒரே ஒரு முறை கேட்ட பாட்டு, எந்தக் கடையிலும் கிடைக்காத பாட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவரின் கணினியிலிருந்து என் கணினிக்கு வந்து இறங்கிய அந்த நொடியை இன்னும் மறக்கவில்லை. தப்புச் செய்கிறோம் என்று அப்போது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அந்தப் பாட்டைப் பாடியவருக்கு நான் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது, அதுவும் என் பெயர் போட்ட ஒரு புத்தகம் வந்த பிறகு.

நாப்ஸ்டருக்குக் கோடிக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, ஜூலையில் மூடிவிட்டார்கள். அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. நடுவில் ஒரு சர்வர் இருந்ததால்தானே பிடிபட்டோம் என்று அந்தச் சர்வரே இல்லாமல் அடுத்தடுத்து மென்பொருட்கள் வந்தன. பாட்டு எவரிடம் இருக்கிறது என்ற பட்டியல்கூட எங்கள் கையில் இல்லை, நாங்கள் வெறும் கருவிதான் என்று அவர்கள் வாதாடினார்கள். 2005இல் குரோக்ஸ்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மறுத்தது. பதிப்புரிமையை மீறச் சொல்லித் தூண்டிவிட்டு அதில் பிழைப்பு நடத்தினால் கருவி செய்தவரும் பொறுப்பு என்றது. 2009இல் ஸ்வீடனில் பைரேட் பே என்ற பகிர்வுத் தளத்தை நடத்தியவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2012 ஜனவரியில் மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தின் நிறுவனரை நியூசிலாந்தில் வீடு புகுந்து கைது செய்தார்கள். பிரான்சில் மூன்று முறை பிடிபட்டால் இணைய இணைப்பையே துண்டிக்கலாம் என்று 2009இல் சட்டம் கொண்டுவந்து, 2013இல் அந்தத் தண்டனையைத் தாங்களே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தலை வெட்டப்பட்டது, வேறிடத்தில் இரண்டு முளைத்தன.

இசையைத் தூக்கி நிறுத்தியது வழக்குகள் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1999இல் உச்சத்தில் இருந்த உலக இசைப்பதிவு வருமானம் 2014க்குள் ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்துவிட்டது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் மேலே சொன்ன வழக்குகள் எல்லாம் நடந்தன. 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடை வந்தது, 2008 அக்டோபரில் ஸ்பாட்டிஃபை வந்தது. தேடுவது, வைரஸுக்குப் பயப்படுவது, பாதியில் அறுந்துபோவது எல்லாம் இல்லாமல் கேட்ட பாட்டு கேட்ட நொடியில் கிடைத்தது. சர்வதேச இசைப்பதிவுத் துறைக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024இல் உலக வருமானம் 2960 கோடி டாலர், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஸ்டிரீமிங்கிலிருந்து வந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் 1999இன் உயரத்தை அது இன்னும் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணம் பாடுகிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பது தனிக்கதை, அதுவும் வலிக்கிற கதைதான்.

ஆக, எளிதாகக் கிடைக்க வைத்தால் மக்கள் காசு கொடுப்பார்கள். இதை நான் மனதார நம்புகிறேன். ஆனால் எளிதாகக் கிடைக்க வைக்க யாரால் முடியும்? பத்துக் கோடிப் பாட்டைக் கையில் வைத்திருக்கிறவர்களால் முடியும். ஒரே ஒரு புத்தகம் எழுதியவரால் எப்படி?

இங்கே கொஞ்சம் சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தமிழில் நாம் 'திருட்டுப் பிரதி' என்கிறோம். திருட்டு என்றால் என்னிடம் இருந்தது போய்விட வேண்டும். என் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் டவ்லிங் என்பவரின் வழக்கில் இதே கேள்வி வந்தது. அனுமதியில்லாமல் பதிந்த இசைத்தட்டுகள் 'திருடப்பட்ட சொத்து' ஆகுமா? ஆகாது, பதிப்புரிமை மீறல் வேறு, களவு வேறு என்று நீதிபதிகள் பெரும்பான்மையாகச் சொன்னார்கள். நமது 'பதிப்புரிமை' என்ற சொல் இதைவிட நேர்மையானது. அதற்குள் ஒரு அச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்கிறது. 1710இல் பிரிட்டனில் ராணி ஆன் காலத்தில் வந்த முதல் பதிப்புரிமைச் சட்டம் சொன்னதும் அதைத்தான்: இந்தப் புத்தகத்தை அச்சடிக்கும் உரிமை 14 ஆண்டுகளுக்கு இவருடையது, முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னும் 14 ஆண்டுகள். படிப்பை வளர்ப்பதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கம் என்று அதன் தலைப்பிலேயே எழுதிவைத்தார்கள். இன்று பல நாடுகளில் அந்த உரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீள்கிறது.

இன்று உலகத்துக்கே பதிப்புரிமைப் பாடம் எடுக்கும் அமெரிக்கா, ஒரு நூற்றாண்டுக் காலம் கள்ளப் பிரதிகளின் கூடாரமாக இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1790இல் அவர்கள் எழுதிய சட்டம் வெளிநாட்டு எழுத்தாளருக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் அங்கே போனபோது ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. எல்லார் கையிலும் அவர் புத்தகம், அவருக்குச் சட்டப்படி ஒரு காசு சேராது. அதை மேடையிலேயே கேட்டார். அவர் பணத்தாசை பிடித்தவர் என்று அங்கிருந்த பத்திரிகைகள் எழுதின. 1891இல்தான் அந்த நிலைமை மாறியது. தங்கள் சொந்த எழுத்தாளர்கள் வளர்ந்து, இலவச ஆங்கிலப் புத்தகங்களோடு போட்டி போட முடியாமல் திணறியதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். கூட்டத்தின் நடுவே தன் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற டிக்கன்ஸை என்னால் நன்றாகக் கற்பனை செய்ய முடிகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கோப்பைக் கண்டுபிடித்த மறுநாள் நீக்கச் சொல்லி விண்ணப்பித்தேன். இதற்கான வழி 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த டி.எம்.சி.ஏ. என்ற மின்னணுக்காலப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து பிறந்தது. பயனர்கள் ஏற்றும் கோப்புகளுக்கு இணையத்தளம் பொறுப்பாகாது, ஆனால் உரிமையாளர் புகார் கொடுத்தால் உடனே எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு பிரிவு இல்லையென்றால் இன்று நாம் காணும் எந்தக் காணொளித் தளமும், தேடுபொறியும் வளர்ந்திருக்காது. பெரிய சட்டங்களில் நல்ல யோசனை என்று நான் மதிப்பது இதைத்தான். ஆனாலும் அதன் முழுப் பாரமும் புகார் கொடுக்கிறவர் தலையில் இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் நானே தேட வேண்டும், நானே படிவம் நிரப்ப வேண்டும், உரிமையாளர் சார்பில் பேச எனக்கு அதிகாரம் உண்டு, பொய் சொன்னால் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு ஆளாவேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும்.

கொடுத்தேன். மூன்று நாளில் இணைப்பு போனது. நான்காம் நாள் வேறு இரண்டு குழுக்களில் வந்தது. அதே சாய்வு, அதே கட்டைவிரல். மறுபடி படிவம். இப்படி ஏழு வாரம். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து எழுத உட்கார வேண்டிய நேரமெல்லாம் இணைப்புகளை நகலெடுத்து ஒட்டுவதில் போனது. அடுத்த புத்தகத்துக்கு எடுத்துவைத்த குறிப்பேடு மேசை ஓரத்தில் திறக்காமலே கிடந்தது. எட்டாம் வாரம் நிறுத்திவிட்டேன்.

பெரிய நிறுவனங்கள் இதைக் கையால் செய்வதில்லை. இயந்திரங்கள் தேடுகின்றன, இயந்திரங்களே புகார் கொடுக்கின்றன. தேடலிலிருந்து நீக்கச் சொல்லி கூகுளுக்கு இதுவரை வந்த இணைப்புகள் 1000 கோடியைத் தாண்டிவிட்டன. யூடியூப் 2007இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி, கோப்பு ஏறும்போதே உரிமையாளர்கள் கொடுத்துவைத்த கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடும். அந்த வசதி எல்லாருக்கும் திறந்ததில்லை. இயந்திரங்கள் அப்பாவிகளையும் பிடிக்கின்றன. தன் குழந்தை அடுப்படியில் ஆடுவதை ஒரு தாய் 29 வினாடி எடுத்துப் போட்டார். பின்னணியில் மங்கலாக ஒரு பாட்டு ஓடியது என்று நீக்கச் சொன்னார்கள். அனுமதி கேட்காமலே சட்டம் விட்டுவைக்கும் 'நியாயமான பயன்பாடா' என்று புகார் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும் என்ற ஒரு வரியை நீதிமன்றத்திடமிருந்து வாங்க, 2007இல் வழக்குப் போட்டவர் 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1998 சட்டத்தின் இன்னொரு பிரிவு, மின்னணுப் பூட்டை உடைப்பதையே தடை செய்கிறது. என் புத்தகத்தின் மின்னூல் பதிப்பிலும் பதிப்பாளர் பூட்டுப் போட்டார். பார்வையற்ற ஒருவர் காசு கொடுத்து அதை வாங்கிவிட்டு எனக்கு எழுதினார். அவருடைய வாசிப்பு மென்பொருள் பூட்டுக்குள் நுழைய முடியவில்லை. நட்சத்திரத்தைப் பார்க்க முடியாதவர், அதைப் பற்றிக் கேட்டாவது தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர். காசு கொடுக்காதவர்களிடம் பூட்டில்லாத பிரதி இருந்தது, காசு கொடுத்த அவரிடம் பூட்டிய பிரதி இருந்தது. பார்வையற்றவர்களுக்காக இந்தப் பூட்டுகளுக்கு அமெரிக்காவில் விலக்கு தருகிறார்கள், ஆனால் அதை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி கேட்டு வாங்க வேண்டும். உலக அளவில், பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவில் புத்தகங்களைத் தயாரிக்க வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் கையெழுத்தானது. நான் அவருக்குப் பூட்டில்லாத என் மூலக்கோப்பையே அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு எந்தப் பதிப்புக்கும் பூட்டு வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த நஷ்டக் கணக்கு. என் புத்தகத்தின் முதல் பதிப்பில் 43 பிழைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பெரிய பிழை. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை மறையும். 18ஆம் பக்கத்தில் அது 5 என்று அச்சாகிவிட்டது. மெய்ப்புப் பார்த்தபோது என் கண்ணில் படவில்லை. இதை நம்பி அளப்பவர் எந்த நட்சத்திரத்தையும் அதன் இடத்தில் காண முடியாது. திருத்தப் பட்டியல் தயாராக இருந்தது, இரண்டாம் பதிப்பில் சேர்ப்பதாகப் பேச்சு. முதல் பதிப்பு தீரும் தறுவாயில் பதிப்பாளரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், என்னிடம் எப்போதும் மனம்விட்டுப் பேசுகிறவர். கைபேசியை எடுத்து அந்தப் பிடிஎஃப்பைக் காட்டினார். "இவ்வளவு பேர்கிட்ட இருக்கு. இன்னும் ஒரு பதிப்புப் போட்டா யார் வாங்குவா? பயமா இருக்குங்க" என்றார்.

எனக்கு நேர்ந்த நஷ்டம் அந்த நிமிடத்தில்தான் நேர்ந்தது. அதற்கு முன் யார் எத்தனை பிரதி இறக்கினார்கள் என்பதெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டாம் பதிப்பு விற்றிருக்குமா, விற்றிருக்காதா என்று யாருக்கும் தெரியாது. அச்சுக்குப் போகவே இல்லை. தாள் வாங்கும் முன், அச்சு ஓடும் முன், ஒரு மனிதரின் பயம் அதை நிறுத்திவிட்டது. பெரிய நிறுவனம் பத்துப் படம் எடுத்து ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் மீட்டுக்கொள்ளும். சின்னப் பதிப்பாளருக்கு அடுத்த புத்தகத்தின் காசு இந்தப் புத்தகத்திலிருந்துதான் வர வேண்டும். எந்த நீதிமன்றத்தில் போய் நான் இதைச் சொல்வது? பதிப்புரிமைச் சட்டம் எடுத்த பிரதிகளை எண்ணுகிறது, அச்சாகாமல் போன பதிப்பை எண்ண அதற்கு வழியில்லை. 18ஆம் பக்கத்தின் பிழையும் இனி அப்படியே நிற்கும். இணையத்தில் சுற்றுகிற எல்லாப் பிரதியிலும் வானம் பாதியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

எல்லாக் கள்ளப் பிரதியையும் ஒரே தட்டில் வைக்கவும் நான் தயாரில்லை. 2011இல் அலெக்சாண்ட்ரா எல்பாக்யன் தொடங்கிய சை-ஹப் என்ற இலவசத் தளத்தில் கிடக்கும் ஆய்வுக்கட்டுரைகளை எழுதியவர்களுக்கு அவற்றை வெளியிடும் பதிப்பகங்கள் ராயல்டி தருவதில்லை. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வைக் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும் என்ற சுவரைத்தான் அவர் உடைத்தார். 2017இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு எதிராக ஒன்றரைக் கோடி டாலர் தீர்ப்பளித்தது. என் வானப் புத்தகத்தை எழுதும்போது நானும் அங்கே போய்ப் படித்திருக்கிறேன். அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களில் இருவருக்கு நன்றி சொல்லி எழுதியபோது, மகிழ்ச்சியோடு பதில் போட்டார்கள்.

இது போன்ற கள்ள நூலகங்களிலிருந்துதான் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் சிலவும் புத்தகங்களை எடுத்துக்கொண்டன. 2025இல் ஆந்த்ரோபிக் நிறுவனம் அப்படி எடுத்ததற்காக எழுத்தாளர்களோடு 150 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது, ஒரு புத்தகத்துக்குச் சுமார் 3000 டாலர். இழப்பீடு பெறும் புத்தகங்களின் பட்டியலில் சேர, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். படைப்பு பிறந்தவுடனே உரிமையும் பிறந்துவிடும், எங்கும் பதிய வேண்டியதில்லை என்பதுதான் 1886இல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படை. உரிமை எல்லாருக்கும் பிறக்கிறது, இழப்பீடு பதிந்தவர்களுக்குத்தான் வருகிறது. உலகத்தின் பெரும்பாலான மொழிகளில் எழுதுகிறவர்கள் அந்த அலுவலகத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடிதம் எழுதியவருக்கு நான் என்ன பதில் போட்டேன் என்று சொல்லவில்லையே. நான்கு நாள் கழித்து எழுதினேன். உங்களிடம் இருப்பது படமெடுத்த பிரதி, அதில் எனக்கு வருத்தம் உண்டு என்று மறைக்காமல் சொன்னேன். 18ஆம் பக்கத்தில் 5 என்று இருப்பதை 10 என்று திருத்திக்கொள்ளச் சொன்னேன். 112, 113 இரண்டையும் இணைத்து அனுப்பினேன். விருச்சிகத்தைப் பார்க்காமல் அவர் நிற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாளே பதில் வந்தது. அது முறையான பிரதி இல்லை என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றும், எங்கே வாங்கலாம் என்றும் கேட்டிருந்தார். இப்போது எங்கும் கிடைக்காது என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து, ஏதோ தோன்றி, அந்தக் குழுவுக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். புதிதாக ஒரு கோப்பு இருந்தது. கீழே 'முழுமையான பிரதி' என்று எழுதியிருந்தார்கள். திறந்தேன். சாய்ந்த பக்கங்கள், நடுவில் நிழல், 47இல் அந்தக் கட்டைவிரல். 111க்கு அடுத்து இரண்டு பக்கங்கள் மட்டும் நேராக, வெள்ளை வெளேரென்று, ஒரு கறை இல்லாமல் இருந்தன. கேட்டையிலிருந்து மூலம் வரை வால் முழுதாக இறங்கியிருந்தது. 18ஆம் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். 5ஐ யாரோ பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 10 என்று எழுதியிருந்தார்.